ஓட்டியவர் சொல்லும் ஓடிய காரும்

பழைய கார்ச் சந்தையில் விற்பவர் அறிந்ததும் வாங்குபவர் அறிந்ததும் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. ஏழெட்டு ஆண்டுகள் ஒரு காரை வைத்திருந்தவருக்கு அது எந்த மேட்டில் திணறும், எந்த மழையில் எந்தக் கதவின் வழியே ஒழுகும் என்பது வரை தெரிந்திருக்க, வாங்க வந்தவருக்குக் கிடைப்பதோ அரைமணி நேரமும், பாலிஷ் போட்ட மேனியும், தெருவைச் சுற்றி ஓர் ஓட்டமும்தான். இந்த ஏற்றத்தாழ்வைப் பொருளியலின் ஒரு சிக்கலாக எடுத்துக்கொண்டு அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் அகர்லோஃப் 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர் இரண்டுக்கும் நடுவான ஒரு விலையைத்தான் தருவார், அந்த விலைக்குத் தன் நல்ல காரை விற்க எவருக்கும் மனம் வராது, ஆகவே நல்லவை சந்தையிலிருந்து மெல்ல விலகிக் கெட்டவையே மிஞ்சும் என்பது அவருடைய வாதம். அதற்காக 2001-இல் வேறு இருவருடன் சேர்ந்து அவர் பொருளியலுக்கான நோபல் பரிசையும் பெற்றார். ஏமாற்றிவிடும் பழைய காரை அமெரிக்கப் பேச்சு வழக்கில் ‘எலுமிச்சை’ என்பார்கள் என்பதால் கட்டுரையின் தலைப்பிலும் எலுமிச்சையே இடம்பெற்றது. வாங்கிய வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே தெருவில் இறக்கும் தமிழ்நாட்டில், அதே பழம் காப்பாகிவிடுவது ஒரு வேடிக்கை.

இந்த அறிவு இடைவெளியை ஓரளவேனும் குறைக்கக்கூடியது, அதே மாடலை நெடுநாள் ஓட்டியவர்களின் அனுபவம். அதைத் திரட்டித் தருவதையே சில நாடுகளில் ஒரு தொழிலாக நடத்துகிறார்கள். அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று ஆண்டு பழைய கார்களின் உரிமையாளர்களைக் கேட்டு, நூறு கார்களுக்கு எத்தனை குறைகள் என்ற கணக்கில் வரிசைப்படுத்துகிறது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் தன் உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் கேட்டுத் தொகுக்கிறது. இந்தியாவில் சாதாரண வாசகர் கையில் எடுத்துப் பார்க்கும்படியான அத்தகைய பட்டியல் வேரூன்றாததால், இங்கே அந்த வேலையை உறவினர், அலுவலக நண்பர், தெருமுனை மெக்கானிக், வாடகைக் கார் ஓட்டுநர் ஆகியோரின் வாய்ச்சொல் செய்கிறது. அந்தச் சொல்லை எடைபோடத் தெரியாமல் அப்படியே நம்புகிறவர், விளம்பரத்தை நம்புகிறவரைவிட அதிகம் தெரிந்தவராகிவிடுவதில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது பழைய செடான்களை. செடான் என்பது எஞ்சினுக்கு முன்னே ஓர் அறை, ஆட்களுக்கு நடுவே ஓர் அறை, சாமான்களுக்குப் பின்னே மூடிய தனி அறை என மூன்று பகுதிகளாக அமைந்த கார். மக்கள் வழக்கில் ‘டிக்கி வைத்த கார்’. கடந்த பத்தாண்டுகளில் உயரமான எஸ்.யு.வி. வகைகளின் மீது மோகம் திரும்பிவிட்டதால், புதிதாக இருந்தபோது விலை உயர்ந்தவையாக இருந்த செடான்கள் பழைய சந்தையில் ஒப்பளவில் மலிந்து கிடக்கின்றன. நடுத்தரக் குடும்பத்துக்கு இது ஒரு நல்வாய்ப்பு. அதே பணத்துக்குக் கிடைக்கும் சிறிய காரைவிட இடவசதியும் நெடுஞ்சாலை நிதானமும் இவற்றில் கூடுதல்.

அப்படி ஒரு செடானைப் பற்றிப் பிறர் சொல்வதைக் கேட்கும்போது, சொல்பவர் யார் என்பதே முதலில் பார்க்க வேண்டியது. கார் வாங்கி ஆறு மாதம் ஆனவரின் பாராட்டுக்குப் பெரிய மதிப்பில்லை. அவர் காரைப் பற்றிச் சொல்வதைவிடத் தம் தேர்வு சரிதான் என்று தமக்கே சொல்லிக்கொள்வது அதிகம், மேலும் அந்தக் காலத்துப் பழுதுகளை வாரன்டி ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மெக்கானிக்கின் சொல் நுட்பமானது, ஆனால் அவரிடம் வருவது நோயுற்ற வண்டி மட்டுமே. ஒரு மாடல் எப்போதும் அவருடைய ஷெட்டில் நிற்கிறதென்றால், அது அடிக்கடி கெடுவதால் இருக்கலாம், அல்லது அந்த ஊரில் அந்த மாடல்தான் அதிகம் என்பதாலும் இருக்கலாம். வாடகைக் கார் ஓட்டுநர் மூன்று லட்சம் கிலோமீட்டரின் கதையைச் சொல்லக்கூடியவர் என்றாலும், சூடேறிய எஞ்சினோடு நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் அவருடைய வண்டிக்கும், காலையில் பள்ளிக்கும் மாலையில் காய்கறிக் கடைக்கும் இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் குடும்பக் காருக்கும் தேய்மானம் ஒன்றல்ல. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிச் சூடேறும் முன்பே அணைத்துவிடும் குறும்பயணங்களே எஞ்சினுக்கு அதிகக் கேடு. எல்லோரிலும் எடைமிக்க சாட்சி, வாரன்டி முடிந்த பிறகும் மூன்று நான்கு ஆண்டுகள் தம் கைப்பணத்தில் அந்தக் காரைப் பராமரித்த சொந்த உபயோகக்காரர்தான்.

அவரிடம்கூட ‘வண்டி எப்படி?’ என்று கேட்டால் ‘ஒன்றும் தொந்தரவில்லை’ என்ற பதிலே வரும், ஏனெனில் மனித நினைவு செலவுகளை மன்னித்துவிடும் இயல்புடையது. கடைசி இரண்டு ஆண்டுகளில் எந்தெந்தப் பாகத்துக்கு எவ்வளவு கொடுத்தார், எந்த உதிரிப்பாகத்துக்காக எத்தனை நாள் வண்டியை ஷெட்டில் விட்டுவைத்தார், வழியில் நின்றுபோய் இழுத்துவர நேர்ந்ததா, அதே காரை மறுபடியும் வாங்குவாரா என்று பிரித்துக் கேட்டால்தான் உண்மை வெளிவரும். வருகிற குறைகளையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும்: மைலேஜ் போதவில்லை, சாலை இரைச்சல் உள்ளே கேட்கிறது என்பன காரின் குணம், கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, கியர் விழாமல் நடுவழியில் நின்றது என்பன பழுது. குணத்தோடு வாழப் பழகிக்கொள்ளலாம். ஒருவரையொருவர் அறியாத நான்கு ஊர்க்காரர்கள் ஒரே பழுதை ஏறக்குறைய ஒரே கிலோமீட்டரில் சந்தித்ததாகச் சொல்வார்களானால், அது தற்செயல் அல்ல.

பெயர் ஒன்றாகவே இருக்க இயந்திரம் மாறிவிடுவதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். மாருதி டிசையர் 2008, 2012, 2017, 2024 ஆகிய ஆண்டுகளில் நான்கு தலைமுறைகளாக வந்தது. ஹோண்டா சிட்டி 1998-இல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து 2003, 2008, 2014, 2020 எனப் புதுப்பிறவி எடுத்துக்கொண்டே இருந்தது. ‘சிட்டி அருமையான வண்டி’ என்பவர் எந்தச் சிட்டியைச் சொல்கிறார் என்று கேட்காமல் விட்டால், 2009-ஆம் ஆண்டுக் காரின் புகழ் 2016-ஆம் ஆண்டு டீசல் காருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

2014 முதல் 2020 வரையிலான தலைமுறைச் சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைப் பற்றி உரிமையாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எஞ்சினின் மேற்பகுதி வால்வுகளையும் கீழ்ப்பகுதிச் சுழல்தண்டையும் ஒரே தாளத்தில் இயக்க, சில கார்களில் ரப்பர் பெல்ட்டும் சில கார்களில் இரும்புச் சங்கிலியும் இருக்கும். பெல்ட்டைக் குறித்த கிலோமீட்டரில் மாற்றத் தவறினால் அது அறுந்து எஞ்சினையே நாசமாக்கிவிடக் கூடும், சங்கிலிக்கோ எண்ணெயை ஒழுங்காக மாற்றி வந்தால் பொதுவாக அந்தக் கெடு இல்லை. சிட்டியில் இருப்பது சங்கிலி. கியரில்லாச் சிட்டியில் பற்சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு உருளைகளும் அவற்றைச் சுற்றிய உலோகப் பட்டையும் வேலை செய்யும் சி.வி.டி. என்ற அமைப்பு உண்டு; அதன் தனி எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்பட்டதா என்பதை ரசீதில் பார்ப்பது நல்லது. ஐந்து பேர் ஏறினால் வேகத்தடையில் அடிவயிறு உரசுகிறது என்பது பலர் சொல்லும் குறை, அது குணத்தின் பாற்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் பார்க்க வேண்டியது வேறொன்று: ஜப்பானின் டகாடா நிறுவனம் செய்த காற்றுப்பை ஊதிகள் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால் உலகெங்கும் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, இந்தியச் சிட்டிகளும் அவற்றில் அடங்கும். குறிப்பிட்ட காரில் அந்தப் பாகம் மாற்றப்பட்டுவிட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொண்டு நிறுவனத்திடமே இலவசமாக உறுதி செய்துகொள்ளலாம்.

முதல் பார்வைக்கும் நெடுநாள் அனுபவத்துக்கும் இடையிலான தூரத்தை டொயோட்டா எட்டியோஸைப் போல் காட்டும் கார் வேறில்லை. 2010 இறுதியில் அது வந்தபோது, வேகமானி முதலியவை ஓட்டுநருக்கு நேரே இல்லாமல் டாஷ்போர்டின் நடுவில் இருந்ததும், ஒற்றை வைப்பரும், மெலிந்த பிளாஸ்டிக்கும் பார்த்தவர்களுக்குச் சப்பென்று இருந்தன. 2020-இல் உற்பத்தி நின்றபோதோ, சந்தேகமின்றி உழைக்கிற கார் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டிருந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல், 1.4 லிட்டர் டீசல் என்ற இரண்டு எஞ்சின்களிலும் சங்கிலிதான். டிக்கியின் கொள்ளளவு 595 லிட்டர், கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்தின் பெட்டிகளை மேலே கேரியர் போடாமல் ஏற்றிவிடலாம். ஆனால் அந்த உழைப்பே அதற்கு வினையாகவும் வந்தது. வாடகைக்கு ஓட்டுவோர் அதை விரும்பி வாங்கியதால், பழைய எட்டியோஸ்களில் கணிசமானவை ‘டி போர்டு’ வாழ்க்கை வாழ்ந்தவை. அவற்றில் சில மஞ்சள் பலகையைக் கழற்றி, வரியைக் கட்டி, ‘ஓன் போர்டு’ ஆக மாற்றப்பட்டு, மீட்டரும் குறைக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன.

ஆர்.சி.யின் பழைய பதிவுகள் அந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் என்றாலும் காரே அதற்கு முன் சொல்லிவிடும். சொந்த உபயோகக் காரில் அதிகம் தேய்ந்திருப்பது ஓட்டுநரின் இருக்கை. வாடகைக் காரிலோ, பயணிகள் நடைபாதைப் பக்கமாக ஏறி இறங்குவதால், பின்பக்க இடது கதவின் கைப்பிடியும், அதன் கீழ்ப்படியின் பெயின்ட்டும், பின்னிருக்கையின் இடது ஓரமும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். இருக்கை உறையைப் புதிதாக மாற்றிவிடலாம். இருபதாயிரம் காலணிகள் உரசிய படியைப் பார்த்து மறைக்க நினைப்பவர் குறைவு.

2014-இல் வந்து 2025-இல் விடைபெற்ற மாருதி சியாஸ், பின்னிருக்கையின் கால் இடத்துக்காகப் பேசப்படுவது. அதன் பெட்ரோல் எஞ்சின்கள் அதே நிறுவனத்தின் எர்டிகாவிலும் இருந்தவை என்பதால் சிற்றூர்களில்கூடப் பாகம் தெரிந்த கைகள் உண்டு. 2018-க்குப் பிந்தைய பெட்ரோல் சியாஸில் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து எஞ்சினுக்குச் சிறிது கைகொடுக்கும் அமைப்பும், அதற்கெனத் தனியாக ஒரு லித்தியம் பேட்டரியும் இருப்பதால், அதன் ஆயுளையும் மாற்றும் செலவையும் கேட்டுவைக்க வேண்டும். ஹுண்டாய் வெர்னாவின் 2011-ஆம் ஆண்டு வடிவத்தில் எஞ்சினின் வீரியத்தைப் போற்றியவர்களே, அதிவேகத்தில் அதன் மிதப்பைக் குறையாகச் சொன்னார்கள். ஐரோப்பியக் கார்களை ஓட்டியவர்கள் கதவு மூடும் சத்தத்திலிருந்து நெடுஞ்சாலைப் பிடிப்பு வரை நெகிழ்ந்து பேசுவார்கள், பாகங்களின் விலைக்கு வரும்போது குரல் இறங்கிவிடும். குறிப்பாக எண்ணெயில் மூழ்காத இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் தானியங்கிப் பெட்டியை, ஃபோக்ஸ்வாகன் குழுமமே 2013-இல் எண்ணெய் மாற்றத்துக்காக உலக அளவில் திரும்ப அழைத்தது என்பதால், வாரன்டி முடிந்த வண்டியில் அதை வாங்குபவர் தனியாக ஒரு தொகையை ஒதுக்கி வைப்பதே விவேகம். காரை நன்றாகச் செய்த நிறுவனம் நாட்டை விட்டுப் போய்விடுவதும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் மறைமலைநகரில் கார்களைச் செய்துவந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் ஆஸ்பயர் போன்ற கார்கள் அதனால் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை, விலைதான் இறங்கியது. நல்ல மெக்கானிக் அருகில் இருக்கும் ஊர்க்காரருக்கு அது லாபமாகவும் முடியலாம்.

உரிமையாளரின் அனுபவம் என்றதும் எல்லோரும் ஓட்டுபவரையே கேட்கிறார்கள். பின்னால் உட்காருபவரை எவரும் கேட்பதில்லை. குடும்பக் காரைப் பொறுத்தவரை இது பெரிய பிழை என்றே சொல்ல வேண்டும். செடானின் இருக்கை தாழ்வானது. முழங்கால் வலியுள்ள முதியவர் அதில் இறங்கி உட்காருவதும், பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுவதும், எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்பதைவிட அந்த வீட்டுக்கு முக்கியமான செய்திகள். பின்னிருக்கைக்கு ஏ.சி. துவாரம் உண்டா, நடுவில் உட்காருபவரின் காலை மேடு இடிக்கிறதா, குழந்தைக்கு வாந்தி வருகிற அளவுக்கு ஆட்டம் இருக்கிறதா என்பதையெல்லாம் ஐந்து ஆண்டுகளாகப் பின்னால் உட்கார்ந்து வந்த அந்த வீட்டுப் பாட்டி, காரோட்டியைவிடத் துல்லியமாகச் சொல்லுவார். பார்க்கப் போகும்போது வீட்டுப் பெரியவரையும் அழைத்துச் சென்று, வண்டியை ஓட்டுவதற்கு முன் அவரை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுவது, பல வீண் பேரங்களைத் தொடக்கத்திலேயே முடித்துவைக்கும்.

மாடலைப் பற்றிய சாட்சியம் எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டுமே சொல்லும். எதிரே நிற்கும் காரைப் பற்றி அந்தக் கார்தான் சொல்ல வேண்டும். பார்க்கப் போனவுடன் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்க்கலாம். சூடாக இருந்தால், வருவதற்கு முன்பே யாரோ எஞ்சினைக் கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் சில நொடிகளில் எழுப்பும் சங்கிலிச் சத்தமும், புகைபோக்கியில் வரும் நீலப்புகையும் அதற்குள் மறைந்துவிடும். நீலப்புகை என்பது எண்ணெய் எரிவதன் அடையாளம். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். 2017-இல் பதிவான ஒரு கார் மீட்டரில் 28,000 கிலோமீட்டர் காட்டுகிறது, நான்கு டயர்களும் 2019-ஆம் ஆண்டுடையவை என்றால், நாற்பதாயிரமாவது ஓடியிருக்க வேண்டிய முதல் டயர்கள் இரண்டே ஆண்டில் எங்கே போயின என்ற கேள்விக்கு விற்பவர் பதில் சொல்லியாக வேண்டும். கண்ணாடிகளிலும் சீட் பெல்ட்டின் அடிப்பட்டையிலும்கூடத் தயாரிப்பு ஆண்டுக் குறிப்பு உண்டு. ஒரு கதவுக் கண்ணாடி மட்டும் இளையதாக இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம். கதவின் ரப்பர் பீடிங்கைக் கையால் சற்று விலக்கிப் பார்த்தால், தொழிற்சாலை வெல்டிங்கின் சிறு வட்டக்குழிகள் ஒரே இடைவெளியில் வரிசையாகத் தெரியும். டிங்கரிங் பார்த்த இடத்தில் அந்த வரிசை கலைந்திருக்கும், அல்லது பட்டி பூசி மூடப்பட்டிருக்கும். இவ்வளவையும் பார்த்த பிறகு, விற்பவர் பரிந்துரைக்காத ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்து லிஃப்டில் ஏற்றிக் காட்டுவதில் கஞ்சத்தனம் கூடாது.

தமிழ்நாட்டில் தண்ணீர் தனியாகக் கவனிக்கத்தக்கது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாகக் கணக்கிட்டவற்றில் சில துடைக்கப்பட்டு வேறு ஊர்களுக்குப் போயிருக்கக் கூடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றின் கறை ஒரு கோடாக நிற்கும், இருக்கைத் தண்டவாளத்தின் திருகுகளில் துரு ஏறியிருக்கும். கடலோர ஊர்களின் உப்புக்காற்று வேறு வகை; அது மேனியை விட்டுவிட்டு அடிப்பகுதியை அரிக்கும். ஓடவே ஓடாத கார் நல்லது என்பதும் பொதுவான மயக்கம்தான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மாதத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு மட்டும் போய்வந்த பத்தாண்டுக் காரில் ரப்பர் குழாய்கள் இறுகி, ஏ.சி.யின் சீல்கள் காய்ந்து, தொட்டியில் தேங்கிய பெட்ரோல் ஈரத்தை இழுத்திருக்கும்; எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த ஈரம் இழுக்கும் குணம் கூடுதல்.

காகிதங்களில் மூன்று செய்திகள் போதும். கடன் இருந்த காரானால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம் வேண்டும். பெயர் மாற்றம் முடியும் வரை விபத்துப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருப்பதால், விற்பவருக்கும் இதில் அக்கறை இருந்தாக வேண்டும். காப்பீட்டின் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ காருக்கு உரியதன்று, அந்த மனிதருக்கு உரியது. ஆகவே பழைய பிரீமியத் தொகையைப் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. டெல்லியிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வந்த காரானால், இங்கே மறுபதிவுக்குக் கட்ட வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே அது மலிவா என்று முடிவு செய்ய வேண்டும்.

பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் இறுதியில் ரூபாய்க் கணக்காக மாற்றுவதே பேரத்துக்கு உதவும். அந்த மாடலை ஓட்டியவர்கள் எண்பதாயிரம் கிலோமீட்டருக்கும் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் இடையில் எதையெல்லாம் மாற்றினார்களோ, அதாவது டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், ஏ.சி. காயில் என, அவற்றை ஒரு தாளில் விலையோடு எழுதி, வாங்கிய முதல் ஆண்டில் ஆகக்கூடிய செலவாக விற்பவர் முன் வைக்கலாம். வெறுமனே ‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கு அவர் சிரித்து மழுப்பிவிடுவார். தாளுக்கு அப்படிச் செய்வது கடினம். அவர் அதை வாங்கிப் படித்து, “கிளட்ச் பிளேட் போன தீபாவளிக்கு மாத்தியாச்சு சார், இந்தாங்க பில்லு” என்று டாஷ்போர்டைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டை எடுத்து நீட்டினால், பேரம் அங்கிருந்து தொடங்கலாம்.